வண்ணக் கோலமும் கணிப்பொறித் திரையும்

மார்கழி மாதம் வந்துவிட்டால் பாகூர், வில்லியனூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் பொழுது விடியுமுன்பே வாசல்கள் விழித்துக்கொள்கின்றன. சாணம் தெளித்துப் பெருக்கிய தரையில் வெண்மாவுக் கோடுகள் ஓடுகின்றன. பின்னர் அக்கோடுகளுக்குள்ளே சிவப்பும் மஞ்சளும் பச்சையும் நிறைகின்றன. கிறிஸ்து பிறப்புப் பெருவிழா வந்ததும் விண்மீனும் புறாவும் மெழுகுவர்த்தியும் கோலமாக மலர்கின்றன. பொங்கலுக்குக் கரும்பும் பானையும் வந்து சேர்கின்றன. வண்ண வடிவங்களை வரைவது நம் ஊர்ப் பெண்களுக்குப் புதிய கலையன்று.

இன்று அதே வேலையைக் கணிப்பொறியும் செய்கிறது. நாம் எழுதித் தரும் கட்டளைத் தொடரைப் படித்து, வட்டமும் சதுரமும் இதழும் விண்மீனும் திரையில் வரைகிறது. இந்தக் கட்டளைத் தொடரையே ‘புரோகிராம்’ என்கிறோம். ஆனால் கணிப்பொறியிடம் படம் வரையச் சொன்னவர்கள் ஒரு விந்தையைக் கண்டிருப்பார்கள். சில வேளைகளில் படம் கண் இமைக்கும் நேரத்தில் வந்து நிற்கிறது. சில வேளைகளில் நத்தை போல் ஊர்கிறது. அசையும் படமானால் விட்டுவிட்டு நகர்கிறது. அப்போது நம்மில் பலர் கூறும் தீர்ப்பு ஒன்றே: “இது பழைய மெஷின். புதியது வாங்கினால்தான் சரிப்படும்.”

இத்தீர்ப்பு எப்போதும் சரியானதுதானா? பொறியின் வலிமையைப் போலவே, பல வேளைகளில் அதைவிட மிகுதியாக, வேலையைச் செய்யும் ஒழுங்கே விரைவைத் தருகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இந்த ஒழுங்கை நமக்குக் கற்றுத்தரும் ஆசிரியை வேறு யாருமல்லர். வாசலில் குனிந்து கோலமிடும் நம் வீட்டுப் பெண்களே.

திரை என்னும் வாசல் :

கணிப்பொறித் திரையைக் கண்ணாடி வில்லை கொண்டு உற்றுப் பாருங்கள். அது நெருங்கி அமைந்த மிகச் சிறு புள்ளிகளால் ஆனது என்பது விளங்கும். இப்புள்ளிக்குப் ‘பிக்சல்’ என்று பெயர். இன்று பரவலாகக் காணப்படும் ஒரு வகைத் திரையில் குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் உள்ளன. பெருக்கிப் பார்த்தால் மொத்தம் 20,73,600 புள்ளிகள். எந்த ஊர்க் கோலத்தில் இத்தனை புள்ளிகள் வைக்க முடியும்!

ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று ஒளிகள் உண்டு. ஒவ்வோர் ஒளியின் அளவையும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணால் குறிக்கிறார்கள். ஆகவே ஒரு புள்ளி 256 × 256 × 256, அதாவது 1,67,77,216 நிறங்களுள் ஏதேனும் ஒன்றைக் காட்டலாம்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது பழமொழி. கணிப்பொறிக்கு அந்தச் சுவர் நினைவகமே. திரையின் ஒவ்வொரு புள்ளிக்குமான நிற எண்கள் நினைவகத்தின் ஒரு பகுதியில் வரிசையாக எழுதி வைக்கப்படுகின்றன. வரைதல் என்பது உண்மையில் அந்த எண்களை மாற்றி எழுதுவதுதான். புள்ளிக்கு 4 பைட் வீதம் ஒரு முழுத் திரைக்கு 82,94,400 பைட் இடம் தேவை. பெரும்பாலான திரைகள் இந்த எண்களை நொடிக்கு 60 முறை படித்து ஒளியாக்கிக் காட்டுகின்றன. அசையும் படம் ஒன்று தடங்கலின்றி ஓட வேண்டுமானால், அடுத்த படம் ஒரு நொடியில் 60-இல் ஒரு பங்குக்குள் ஆயத்தமாகிவிட வேண்டும். அதாவது ஏறத்தாழ 16.7 மில்லி நொடிதான் அவகாசம். ஒவ்வொரு முறையும் எல்லாப் புள்ளிகளையும் மாற்றி எழுதினால் நொடிக்கு 12 கோடியே 44 லட்சத்து 16 ஆயிரம் புள்ளிகளை எழுத வேண்டியிருக்கும். கணிப்பொறி களைப்பதற்கான காரணம் இப்போது ஓரளவு விளங்குகிறதல்லவா?

கோடும் நிரப்பலும் :

கோலத்தில் வெள்ளைக் கோடு இழுக்க ஒரு கிண்ணம் மாவு போதும். அதே கோலத்துக்கு உள்ளே வண்ணம் நிரப்பப் பொட்டலம் பொட்டலமாகப் பொடி வேண்டும். திரையிலும் அப்படியே.

200 புள்ளிகள் ஆரமுள்ள ஒரு வட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதன் சுற்றளவு 2 × 3.14 × 200 = 1,256. எனவே விளிம்பை மட்டும் வரைய ஏறத்தாழ அத்தனை புள்ளிகளை மாற்றினால் போதும். உள்ளே முழுவதும் நிறம் நிரப்பினால், பரப்பளவு 3.14 × 200 × 200 = 1,25,600 புள்ளிகள். வேலை நூறு மடங்கு! ஆரத்தை இரட்டித்து 400 ஆக்கினால் சுற்றளவு இரு மடங்காகிறது. பரப்போ நான்கு மடங்காகி 5,02,400-ஐத் தொடுகிறது. வகுப்பில் நாம் மனப்பாடம் செய்யும் சூத்திரங்கள் இங்கே உயிர் பெற்று நிற்பதைக் காணுங்கள். படம் மெதுவாக வருகிறதென்றால், “எத்தனை வடிவங்கள்?” என்று மட்டும் கேட்கக் கூடாது, “எவ்வளவு பரப்பு?” என்றும் கேட்க வேண்டும்.

சாய்ந்த கோடு எந்தெந்தப் புள்ளிகளின் வழியே செல்ல வேண்டும் என்பதைக் கண்டுபிடிப்பதும் ஒரு கணக்கே. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஜாக் பிரசன்ஹாம் என்பவர் 1962-இல் இதற்கு ஓர் எளிய வழி கண்டார். தசம எண்களைப் பெருக்கி வகுத்துத் தொல்லைப்படாமல், முழு எண்களைக் கூட்டியும் ஒப்பிட்டும் அடுத்த புள்ளி எது என்று முடிவு செய்வதே அவர் முறை. அக்காலப் பொறிகள் இன்றைய பொறிகளோடு ஒப்பிடவே முடியாத அளவு மெதுவானவை. அப்பொறிகளிலும் அம்முறை விரைவாக ஓடியது. பொறி எளியதாக இருந்ததால் அறிவு கூர்மையாக வேலை செய்தது எனலாம்.

நிரப்புவதிலும் இரு வழிகள் உண்டு. படம் வரையும் மென்பொருளில் வாளி போன்ற ஒரு கருவியைப் பார்த்திருப்பீர்கள். அது தொட்ட புள்ளியில் தொடங்கி, பக்கத்துப் புள்ளியின் நிறம் என்ன, அதற்கடுத்ததன் நிறம் என்ன என்று ஒவ்வொன்றாய்க் கேட்டுக்கொண்டே பரவுகிறது. மற்றொரு முறை, வடிவத்தின் விளிம்புகள் முன்பே தெரிந்திருப்பதைப் பயன்படுத்துகிறது. ஒவ்வொரு வரிசையிலும் இடது விளிம்பு எங்கே, வலது விளிம்பு எங்கே என்று கணக்கிட்டு, இடையில் உள்ளதை ஒரே ஓட்டமாக நிரப்புகிறது. பாகூர் வயலில் கயிறு பிடித்து வரிசையாக நாற்று நடுவதைப் போன்றது இது. விளிம்பு தெரிந்த வடிவத்துக்கு இந்த இரண்டாம் முறையே சிக்கனமானது.

ஒளி ஊடுருவும் மெல்லிய நிறம் பூசுவதாயின் இன்னும் கூடுதல் வேலை. முன்பிருந்த நிறத்தைப் படித்து, புதிய நிறத்தோடு கலந்து, பிறகே எழுத வேண்டும். பார்வைக்கு அழகாயிருந்தாலும், தேவையான இடத்தில் மட்டும் இதனைப் பயன்படுத்துவது நன்று.

வேலை செய்வோர் இருவர் :

கணிப்பொறியோடு உரையாடிப் படம் வரையும் முறையை 1963-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஐவன் சதர்லாண்ட் தம் ‘ஸ்கெட்ச்பேட்’ புரோகிராம் மூலம் செய்து காட்டினார். திரையில் ஒளிப்பேனாவை வைத்துக் கோடும் வட்டமும் வரைந்தார். அன்று எல்லா வேலையையும் மையச் செயலகமே செய்தது. பின்னர் படவேலைக்கென்றே தனிச் சில்லுகள் வந்தன. 1999-இல் என்விடியா நிறுவனம் வெளியிட்ட ‘ஜீஃபோர்ஸ் 256’ என்பது இவ்வகையில் பெயர் பெற்றது.

மையச் செயலகம் திறமை மிக்க ஒரே சமையற்காரரைப் போன்றது. எந்தக் கடினமான வேலையையும் செய்யும்; ஆனால் ஒரு நேரத்தில் சிலவற்றைத்தான் செய்ய முடியும். படச்சில்லோ, தேர்பவனி வரும் தெருவில் ஒரே நேரத்தில் வரிசையாய் அமர்ந்து கோலமிடும் பெண்கள் கூட்டத்தைப் போன்றது. ஒவ்வொருவரும் செய்வது எளிய வேலை. எல்லாரும் சேர்ந்து ஒரே நேரத்தில் செய்வதால் தெரு முழுதும் நிறைந்துவிடுகிறது.

ஆனால் அப்பெண்களுக்கு யாரேனும் ஒருவர் சொல்ல வேண்டுமே! மையச் செயலகம்தான் கட்டளைகளைத் தொகுத்துப் படச்சில்லுக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு செலவு உண்டு. உப்பு வாங்க ஒருமுறை, புளி வாங்க ஒருமுறை, மிளகாய் வாங்க ஒருமுறை என்று பத்துப் பொருளுக்குப் பத்து நடை வில்லியனூர்க் கடைத்தெருவுக்குப் போய்வந்தால் பொழுது போகுமே தவிர வேலை முடியாது. சீட்டு எழுதி ஒரே நடையில் வாங்கி வருவதுதான் அறிவுடைமை. வடிவங்களையும் அவ்வாறே பட்டியலாகத் தொகுத்து ஒரே கட்டளையில் அனுப்பினால் பெரும் நேரம் மிஞ்சுகிறது.

நிறம் மாற்றுவதில் உள்ள செலவு :

இங்கேதான் கோலத்தின் பாடம் மிகத் தெளிவாகப் பொருந்துகிறது. ஐம்பது பூக்கள் கொண்ட பெரிய கோலம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு பூவிலும் எட்டு நிறங்கள். ஒரு பூவை முழுவதும் முடித்து அடுத்த பூவுக்குப் போவதென்றால், கையில் உள்ள பொடியை 400 முறை மாற்ற வேண்டும். முதலில் எல்லாப் பூக்களின் சிவப்பையும், பிறகு எல்லாப் பூக்களின் மஞ்சளையும் என்று நிறவாரியாக இட்டால், எட்டே முறை எடுத்தால் போதும். பூசும் பரப்பு ஒன்றே, போட்ட பொடியும் ஒன்றே, மிஞ்சியது நேரம்.

பள்ளிக்கூட வாசலை அறியாத எங்கள் ஆயா இதனை எனக்கு ஒரே வரியில் சொல்லித் தந்தார்: “ஒரு கலர எடுத்தா அத முடிச்சிட்டு அடுத்தத எடு பாப்பா. மாத்தி மாத்தி எடுத்துக்கிட்டு இருந்தா விடிஞ்சிடும்.” படச்சில்லுக்குக் கட்டளை எழுதுவோர் கூறுவதும் இதுவேதான். ஒரே நிறமும் ஒரே வகையும் கொண்ட வடிவங்களை ஒன்றாகச் சேர்த்து அனுப்பு என்கிறார்கள்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் தனித்தனியே இருக்கும்போதுதான் வரிசையை நம் விருப்பம்போல் மாற்றலாம். ஒன்று மற்றொன்றை மறைக்குமானால், பின்னால் வரைவதே மேலே நிற்கும். பச்சை இலையின்மேல் சிவப்புப் பூ இருக்க வேண்டுமெனில் இலை முதலில், பூ பிறகு. விரைவுக்காக இம்முறையை மாற்றினால் பூ இலைக்குள் ஒளிந்துகொள்ளும்!

மூடப்போவதை ஏன் வரைய வேண்டும்? :

ஒரே மையத்தில் பத்து வட்டங்கள், வெளிவட்டத்தின் ஆரம் 200, அடுத்தது 180, அதற்கடுத்தது 160 என்று 20 வரை குறைந்துகொண்டே வரும் ஒரு வளையக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய வட்டம் முழுவதையும் சிவப்பாக நிரப்பி, அதன்மேல் அடுத்த வட்டத்தை மஞ்சளாக நிரப்பி, இப்படியே பத்தும் வரைவது எழுதுவதற்கு எளிது. ஆனால் கணக்கிட்டால் மொத்தம் 4,83,560 புள்ளிகளுக்கு நிறம் பூசுகிறோம். கண்ணுக்குத் தெரிவதோ வெளிவட்டத்தின் பரப்பான 1,25,600 புள்ளிகள் மட்டுமே. ஏறக்குறைய நான்கு மடங்கு உழைத்து, அதில் மூன்று மடங்கை நாமே மூடிவிடுகிறோம்! ஒவ்வொரு நிறத்தையும் வளையமாக மட்டும் நிரப்பினால் இந்த வீண்வேலை இல்லை. வாசலில் எந்தப் பெண்ணும் வட்டம் முழுதும் சிவப்பைக் கொட்டி அதன்மேல் மஞ்சளைக் கொட்டுவதில்லை. பொடியின் விலை அவர்களுக்குத் தெரியும்.

அதுபோலவே திரையின் எல்லைக்கு வெளியே விழும் வடிவங்களை முன்னரே கண்டு விலக்கிவிடுவதும் நல்ல பழக்கமாகும். காணாத இடத்தில் வரைந்து என்ன பயன்?

முழு வாசலையும் கழுவ வேண்டாம் :

போட்ட கோலத்தில் ஓர் இதழ் மட்டும் கலைந்துவிட்டால் என்ன செய்வோம்? வாசல் முழுவதையும் கழுவிவிட்டுப் புள்ளி வைப்பதிலிருந்து தொடங்குவோமா? அந்த இதழை மட்டும் துடைத்துச் சரிசெய்வோம்.

திரையில் ஒரு பட்டாம்பூச்சி பறக்கிறது. அது 50 × 50 புள்ளிகள் அளவுள்ளது. அதாவது 2,500 புள்ளிகள். அது ஓர் அடி நகரும்போது, பழைய இடத்தில் பின்னணியை மீட்டு, புதிய இடத்தில் பட்டாம்பூச்சியை வரைந்தால் 5,000 புள்ளிகளே மாறுகின்றன. அதற்குப் பதிலாக முழுத் திரையையும் அழித்து வரைந்தால் 20,73,600 புள்ளிகள். நானூறு மடங்குக்கும் மேல்! எது மாறியதோ அந்தப் பகுதியை மட்டும் குறித்து வைத்துக்கொண்டு, அதை மட்டும் புதுப்பிப்பது கணிப்பொறியாளர் கையாளும் பழமையான, இன்றும் பயன்படும் உத்தியாகும். பின்னணியோடு எல்லாமே அசையும் படங்களுக்கு இம்முறை உதவாது. ஆனால் நாம் அன்றாடம் காணும் பெரும்பாலான படங்களில் மாறுவது சிறிதே, மாறாதது பெரிதே.

திரைச்சீலைக்குப் பின்னால் :

பள்ளி ஆண்டுவிழாவில் நாடகத்தின் காட்சி மாறும்போது திரைச்சீலையை இறக்கிவிடுகிறார்கள். உள்ளே நாற்காலியும் மரமும் இடம் மாறுகின்றன. சீலை உயர்ந்ததும் முழுக் காட்சியும் ஆயத்தமாக நிற்கிறது. சீலை இல்லாமற் போனால், பார்வையாளர் அந்தத் தடபுடலையெல்லாம் காண நேரிடும். திரையிலும் வரைந்துகொண்டிருக்கும் பாதிப் படம் கண்ணில் பட்டால் அது மினுக்கலாகத் தோன்றும். அதனால் நினைவகத்தில் இரண்டு தாள்கள் வைத்துக்கொள்கிறார்கள். ஒன்று காட்சியில் இருக்கும்போது மற்றொன்றில் மறைவாக வரைகிறார்கள். வரைந்து முடிந்ததும் இரண்டையும் மாற்றிக்கொள்கிறார்கள்.

மாணவர் பயிலும் பைத்தான் மொழியில் ‘டர்ட்டில்’ என்ற பகுதி உண்டு. ஆமை ஒன்று பேனாவைச் சுமந்து நடந்து படம் வரைவதாகக் கற்பனை. 1967-இல் பிள்ளைகளுக்காகவே உருவான ‘லோகோ’ மொழியின் வழியில் வந்தது இந்த ஆமை. லோகோவை உருவாக்கியவர்களில் சீமோர் பாப்பர்ட், சிந்தியா சாலமன் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். ஆமை ஒவ்வோர் அடி வைக்கும்போதும் திரையைப் புதுப்பித்துக் காட்டுவது அதன் இயல்பு. கற்பதற்கு அது மிக நல்லது. ஆனால் நூற்றுக்கணக்கான இதழ்கள் கொண்ட படத்துக்கு, வரைவதைவிடக் காட்டுவதற்கே அதிக நேரம் போய்விடும். அதில் ‘டிரேசர்’ என்ற கட்டளைக்குச் சுழி கொடுத்தால், இடையில் காட்டுவதை நிறுத்திவிடும். எல்லாம் முடிந்ததும் ‘அப்டேட்’ என்று ஒருமுறை சொன்னால் முழுப் படத்தையும் காட்டும்.

எங்கள் பள்ளிக் கணிப்பொறி அறையில் ஒரே விண்மீன் கோலத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே இரு விதமாக எழுதி ஓட்டினோம். முதல் விதத்தில் இதழ்கள் ஒவ்வொன்றாக விரிவதை எண்ணிக்கொண்டே இருக்க முடிந்தது. இரண்டாம் விதத்தில் விளக்கின் ஸ்விட்சைப் போட்டாற்போல் கோலம் முழுதும் பளிச்சென்று வந்து நின்றது. பொறி அதே பழைய பொறிதான்! கட்டளைகளில் வேறுபட்டவை இரண்டு வரிகளே.

கால்பங்கு வரைந்தால் முழுக்கோலம் :

கோலத்தின் பேரழகு அதன் சமச்சீரில் உள்ளது. ஒரு மூலையில் இருப்பதே மற்ற மூன்று மூலைகளிலும் வருகிறது. வட்டம் வரையும் கணிப்பொறியும் இந்தச் சமச்சீரைப் பயன்படுத்திக்கொள்கிறது. வட்டத்தின் எட்டில் ஒரு பங்கில் உள்ள புள்ளிகளை மட்டும் கணக்கிட்டால் போதும். ஒரு புள்ளியின் இரண்டு ஆயத்தொலைவுகளை இடம் மாற்றியும், கூட்டல் குறியைக் கழித்தல் குறியாக்கியும், மற்ற ஏழு பங்குகளின் புள்ளிகளைக் கணக்கின்றியே பெறலாம்.

ஒருமுறை கணக்கிட்டதை மறுபடி கணக்கிடாமல் சேமித்து வைத்துக்கொள்வதும் அத்தகையதே. ஒரு பூவை ஒருமுறை வரைந்து சிறு படமாக நினைவகத்தில் வைத்துக்கொண்டால், வேண்டிய இடத்திலெல்லாம் அதனை அச்சுப்போல் ஒற்றி எடுக்கலாம். கடையில் விற்கும் துளையிட்ட கோல அச்சு செய்யும் வேலையும் இதுதானே!

தாம்பரத்தில் ஒரு கோல இலக்கணம் :

கோலத்தையும் கணிப்பொறியையும் நான் இவ்வாறு இணைத்துப் பேசுவது வெறும் உவமைக்காக என்று எண்ணிவிட வேண்டாம். அறிவியலாளரே இவ்விரண்டையும் இணைத்திருக்கின்றனர். அதுவும் நமக்கு அருகில், தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில்!

அங்கே புள்ளியியல் பேராசிரியராக விளங்கிய கிஃப்ட் சிரோமணி, அவருடைய துணைவியாரும் கணிதப் பேராசிரியையுமான ராணி சிரோமணி, பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் கணிப்பொறியியல் பேராசிரியையாகத் திகழ்ந்த கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் படங்களுக்கு இலக்கணம் எழுதும் ஆராய்ச்சியில் ஈடுபட்டனர். 1972-இல் படமொழிகளைப் பற்றிய அவர்களது ஆய்வு வெளிவந்தது. 1974-இல் ‘கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் அண்ட் இமேஜ் பிராசஸிங்’ என்னும் அனைத்துலக ஆய்விதழில் வந்த அவர்களது கட்டுரையின் தலைப்பிலேயே ‘கோலம்’ என்ற நம் தமிழ்ச்சொல் இடம்பெற்றது. மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோல் கோலத்துக்கும் விதிகள் உண்டு. சில விதிகளைத் திரும்பத் திரும்பச் செலுத்தினால் சிறிய கோலம் பெரிய கோலமாக வளரும் என்பதை அவர்கள் கணித முறையில் காட்டினர்.

இதிலிருந்து நமக்குக் கிடைப்பது என்ன? ஆயிரம் புள்ளிகளையும் ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டுக் கணிப்பொறிக்குச் சொல்ல வேண்டியதில்லை. விதியைக் கண்டுபிடித்துச் சொன்னால் போதும். கட்டளை சிறுக்கும், எங்கே மீண்டும் வருகிறது, எங்கே சமச்சீர் உள்ளது என்பது தெரியும், தெரிந்த இடத்தில் வேலையைக் குறைக்கலாம்.

மற்றொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். கோலம் பெண்களின் பொழுதுபோக்கு, கணிப்பொறி ஆண்பிள்ளைகளின் படிப்பு என்று பேசுவோர் இன்றும் சிலர் நம் ஊர்களில் உள்ளனர். அந்த மூவரில் இருவர் பெண்கள். அவர்கள் ஆராய்ந்த பொருளோ, எழுத்தறியாத எத்தனையோ பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாலும் மனத்தாலும் காத்துவந்த அறிவு. ஆகவே வாசலுக்கும் கணிப்பொறி அறைக்கும் இடையே உள்ள தூரம் நாம் நினைப்பதுபோல் அத்தனை நெடியதன்று.

அளந்து பார்த்தல் :

மருத்துவர் நாடி பார்த்த பின்னரே மருந்து தருகிறார். படம் மெதுவாக வரும்போதும் முதலில் அளந்து பார்க்க வேண்டும். கணிப்பொறியிலேயே கடிகாரம் உண்டு. ஒரு வேலையைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் நேரத்தைக் குறிக்கச் சொல்லலாம். ஒருமுறை செய்வது மிகச் சிறிய நேரமானால், அதனையே ஆயிரம் முறை செய்யச் சொல்லி, மொத்த நேரத்தை ஆயிரத்தால் வகுத்துக்கொள்ளலாம்.

எளிய சோதனை ஒன்று உண்டு. படம் தோன்றும் சாளரத்தை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக்கி, உள்ளே உள்ள வடிவங்களையும் அதே அளவில் சிறிதாக்கி ஓட்டிப் பாருங்கள். பரப்பு நான்கில் ஒரு பங்காகிவிடும். படம் நன்கு விரைவடைந்தால், நேரம் நிறம் நிரப்புவதில் செலவாகிறது என்று பொருள். அப்போது மூடப்போகும் பகுதிகளையும் மாறாத பகுதிகளையும் தவிர்க்க வேண்டும். சிறிதும் விரைவடையவில்லையெனில், நேரம் கணக்கிலோ கட்டளைகளின் எண்ணிக்கையிலோ போகிறது. அப்போது வடிவங்களைத் தொகுத்து அனுப்ப வேண்டும். கணக்கிட்டதைச் சேமிக்க வேண்டும். காரணம் அறியாமல் கையில் பட்டதையெல்லாம் மாற்றினால் படமும் கெடும், பொழுதும் போகும். பதறாத காரியம் சிதறாது அல்லவா!

பழைய பொறியும் ஒரு தாலந்து :

எல்லா வேலைக்கும் பழைய பொறி போதும் என்று நான் கூறவில்லை. திரைப்படங்களுக்கான முப்பரிமாணக் காட்சிகளுக்கும், மருத்துவமனையில் உடலின் உள்ளுறுப்புகளைப் பலகோணங்களில் காட்டும் படங்களுக்கும் வலிமை மிக்க படச்சில்லுகள் இன்றியமையாதவை. ஆனால் பள்ளி மாணவி வரையும் கோலத்துக்கும், பாடத்துக்கான வரைபடத்துக்கும், சிறுவர் விளையாட்டுக்கும் அத்தகைய விலையுயர்ந்த பொறி வேண்டியதில்லை.

இது பணத்தைப் பொறுத்த செய்தியும் ஆகும். நம் பெற்றோரில் பலர் வயலை நம்பி வாழ்பவர்கள். பலர் நாள்தோறும் தொழிற்சாலைக்கும் கட்டட வேலைக்கும் செல்பவர்கள். பிள்ளை “கணிப்பொறி மெதுவாக இருக்கிறது” என்றதும், கடன் வாங்கியேனும் புதியது வாங்கித் தரலாமா என்று கலங்கும் தந்தையரும் உள்ளனர். அவர்கள் அவ்வாறு கலங்குமுன், பிள்ளையாகிய நாம் நம் கட்டளைகளை ஒருமுறை சீர்தூக்கிப் பார்ப்பது நம் கடமையன்றோ? வரையும் வடிவத்தில் எதை இருமுறை செய்கிறோம், எதை மூடிவிடுகிறோம், எதை மாற்றி மாற்றி எடுக்கிறோம் என்று கேட்டுப் பார்த்தால், பல வேளைகளில் விடை நம் தாளிலேயே கிடைத்துவிடும்.

விவிலியத்தில் தாலந்து உவமையை நாம் அறிவோம். ஐந்து தாலந்து பெற்றவனும் இரண்டு பெற்றவனும் தத்தம் பங்கைப் பெருக்கினார்கள். ஒரு தாலந்து பெற்றவனோ அஞ்சி அதை மண்ணில் புதைத்தான். அவனிடம் கேட்கப்பட்ட கணக்கு, “ஏன் ஐந்து பெறவில்லை?” என்பதன்று, பெற்ற ஒன்றை என்ன செய்தாய் என்பதே.

அன்புத் தோழியரே! நம் கையில் உள்ள பொறி சிறியதாயினும் அதனைப் புதைத்து வைக்க வேண்டாம். ஒழுங்கறிந்து வேலை வாங்குவோம். நம் தாய்மாரும் பாட்டிமாரும் வாசலில் கற்றுத்தந்த சிக்கனத்தைத் திரையிலும் கடைப்பிடிப்போம். அவர்கள் அறிவைப் புதிய மொழியில் எழுதும் பேறு நம் தலைமுறைக்கு வாய்த்திருக்கிறது. அப்பேற்றைப் பயன்படுத்திக்கொள்வோமாக!